மிஷினை இறக்கிவைப்போம்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் இளைப்புக்கு வைத்தியம் படிப்படியாக ஏறும். முதல் படி, மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரை. அடுத்தது கிளினிக்கில் போடும் ஊசி. ஊசிக்கும் அடங்காவிட்டால் மிஷின். முகத்தில் மாஸ்க் மாட்டி, மருந்தைப் புகையாக விடுகிற நெபுலைசர். ஊராருக்குப் பெரிய வைத்தியம் என்றால் அதுதான். பம்பு என்று அவர்கள் சொல்லும் இன்ஹேலருக்கு இந்த வரிசையில் எங்கே இடம் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் கடைசி ஸ்டேஜுக்கு" என்பார்கள் சிலர். "தொட்டா விட முடியாது, பழகிப்போயிடும்" என்பார்கள் மற்றவர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: "கிராமத்து ஜனங்களுக்கு அதை இழுக்கத் தெரியாது சார். மிஷின் வச்சா தானா உள்ளே போயிடும்."

மூன்றும் சேர்ந்துதான் இங்கே பொதுக்கருத்து. மூன்றுமே தவறு. ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோருக்கு, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு பொருத்திய சாதாரணப் பம்பு மிஷினுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வீட்டில், வயலில், பஸ்ஸில் கூடவே இருக்கும் என்பதால் அதைவிட ஒரு படி மேல். நாம் ஏறிக்கொண்டிருக்கும் ஏணியையே தலைகீழாகச் சாத்திவைத்திருக்கிறோம்.

அளவிலிருந்து தொடங்குவோம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து சால்பியூட்டமால். மாத்திரை, மிஷின், பம்பு மூன்றிலும் அதே மருந்துதான். மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கிறது. பம்பை ஒருமுறை அழுத்தினால், அதாவது ஒரு பஃப்பில், வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையை விழுங்குகிறவர் 40 பஃப் மருந்தை ஒரே மடக்கில் விழுங்குகிறார். அது வயிற்றுக்குப் போய், கல்லீரலைக் கடந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிக் கடைசியாக நுரையீரலுக்கு வருகிறது. வருகிற வழியில் கையை நடுங்கவைக்கிறது, நெஞ்சைப் படபடக்கவைக்கிறது. மிஷினில் ஊற்றும் சின்னக் குப்பியில் 2.5 மில்லிகிராம், அதாவது 25 பஃப். "பம்பு பவர் ஜாஸ்தி" என்று அதற்குப் பயந்து இந்த இரண்டிடமும் ஓடுகிறவர்களின் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

மாத்திரை ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி: விலை கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் முறையிட, 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை ஆணையம் சில பழைய மருந்துகளின் உச்சவிலையை 50 சதவீதம் உயர்த்திக் கொடுத்தது. சால்பியூட்டமால் மாத்திரையும் நெபுலைசர் திரவமும் அந்தப் பட்டியலில் இருந்தன. அத்தனை மலிவு. மலிவுதான் அந்த மாத்திரையின் ஆயுள் ரகசியம்.

ஸ்டீராய்டு பயமும் இதே கதைதான். தினமும் எடுக்கும் தடுப்புப் பம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அதைப் பரணில் போட்டுவிட்டு, மாத்திரைப் 'பொட்டலம்' வாங்கப் போகிறவர்களை நாம் எல்லாரும் அறிவோம். பொட்டலத்தில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். பிரெட்னிசலோன் மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் என்றால், தடுப்புப் பம்பின் புடசோனைடு பஃப் ஒன்றில் 200 மைக்ரோகிராம். ஐம்பதில் ஒரு பங்கு. எடைக்கு எடை நிறுத்துப் பார்ப்பது முழு நியாயமில்லை, புடசோனைடு வீரியம் கூடியது என்பது சரிதான். ஆனால் அது நுரையீரலில் படிந்து அங்கேயே வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம். மாதக்கணக்கில் மாத்திரை தின்றவருக்கு முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது. பம்பு எடுத்தவருக்கு வரக்கூடிய தொல்லைகளில் முதன்மையானவை தொண்டை கரகரப்பும் வாய்ப்புண்ணும். எடுத்த பிறகு வாயைக் கொப்புளித்துத் துப்பினால் அதுவும் குறையும்.

இனி மிஷினுக்கு வருவோம். அது என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் மோட்டார் காற்றை அழுத்தி மருந்துத் திரவத்தின் மேல் ஊத, திரவம் சாரலாகிறது. அந்தச் சாரலில் 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகள் மட்டுமே நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். பெரிய துளிகள் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஊற்றிய மருந்தில் ஒரு பகுதி கிண்ணத்தின் சுவரிலேயே தங்கிவிடுகிறது. நோயாளி மூச்சை வெளியே விடும் நேரத்திலும் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அப்போது வருவதெல்லாம் அறைக்குள் போகிறது. கடைசியில் நுரையீரலைச் சேர்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மாஸ்க்கின் ஓரத்தில் சுருள் சுருளாகக் கிளம்புவதைப் பார்த்து "நல்லா புகை வருது" என்று திருப்திப்படுகிறோமே, அது நோயாளியிடம் போகாமல் தப்பித்து ஓடுகிற மருந்து.

பம்பிலும் முழு மருந்தும் உள்ளே போவதில்லை. வேகமாகப் பீய்ச்சுவதால் பெரும்பகுதி தொண்டையில் அடிக்கிறது. அதற்குத்தான் ஸ்பேசர். ஒரு முனையில் பம்பைச் செருகி, மறுமுனையை வாயில் வைக்கிற பிளாஸ்டிக் கூடு. மருந்து அதற்குள் வேகம் தணிந்து நிற்கிறது. பெரிய துளிகள் சுவரில் ஒட்டிவிட, சின்னத் துளிகளை நோயாளி நிதானமாக இழுத்துக்கொள்கிறார். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. "கிழவிக்குத் தெரியாது, குழந்தைக்கு வராது" என்ற ஆட்சேபத்துக்கு 50 பைசா அளவு மரியாதைகூட இதற்குப் பிறகு மிஞ்சாது. கைக்குழந்தைக்கு ஸ்பேசரோடு சின்ன மாஸ்க்கும் வருகிறது.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தாகிவிட்டது. காக்ரேன் அமைப்பு 2013-ல் புதுப்பித்த தொகுப்பாய்வில் 39 ஆய்வுகள், 1,897 குழந்தைகள், 729 பெரியவர்கள். இளைப்பு திடீரென முற்றி மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்கு மிஷின், மறுபாதிக்கு ஸ்பேசர் வைத்த பம்பு. வார்டில் சேர்க்க வேண்டிவந்தவர்களின் விகிதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்பேசர் வைத்த குழந்தைகள் அவசரப் பிரிவிலிருந்து சுமார் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள், நெஞ்சுத் துடிப்பும் அவர்களுக்குக் குறைவாகவே ஏறியது. கொரோனா வந்த 2020-ல், சாரல் வழியே தொற்று பரவும் என்று அஞ்சி மிஷினைத் தவிர்க்கச் சொன்னபோது, அதன் இடத்தில் வைக்கச் சொன்னதும் ஸ்பேசரைத்தான். தொற்று ஓய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உதடு நீலம் பாய்ந்தவர், ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியாதவர், மயக்கம் தட்டுகிறவர், இவர்களுக்கு ஆக்சிஜனோடு சேர்த்து மிஷின் வைப்பது சரி. அந்த ஆய்வுகளும் உயிராபத்து நிலையில் இருந்தவர்களை விட்டுவிட்டுத்தான் நடந்தன. அந்த நிலையில் 108-ஐ அழைக்க வேண்டும், வண்டி வரும்வரை ஸ்பேசரில் பஃப் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாதம் அவர்களைப் பற்றியதில்லை. நெல் அறுவடை நாளில் சுணை பட்டு இளைப்பு வந்தவர், மார்கழிப் பனியில் இரவெல்லாம் இருமுகிற பையன், அடுப்புக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அம்மா, இவர்களைப் பஸ் ஏற்றி மிஷினுக்கு அனுப்புவதைப் பற்றியது.

மிஷின்மேல் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கை சும்மா வரவில்லை என்பதும் தெரியும். மிஷின் வைத்தால் பத்து நிமிஷம் ஒருவர் உட்காரவைக்கப்படுகிறார். பக்கத்தில் நர்ஸ் நிற்கிறார். மோட்டார் உறுமுகிறது, புகை தெரிகிறது, நிஜமாகவே 25 பஃப் அளவு மருந்து ஓடுகிறது. பம்பு எடுத்தவரோ இரண்டு பஃப் அவசரமாக அடித்து, அதிலும் பாதியை நாக்கில் அடித்து, "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப்போடுகிறார். இந்தப் பந்தயம் நியாயமானதா? தாக்குதல் வந்தால் ஸ்பேசர் வழியாக 4 முதல் 10 பஃப் வரை, ஒவ்வொன்றாக, முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பது உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜீனா'வின் கணக்கு. அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பம்பு பிறந்ததே நெபுலைசரின் தொல்லை தாங்காமல்தான். 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகள், கையால் பிதுக்கி ஊதும் கண்ணாடி நெபுலைசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி ஆஸ்துமா மருந்தும் ஏன் வரக் கூடாது என்று அப்பாவைக் கேட்டாள். 1956 மார்ச்சில் முதல் பம்புகளுக்கு அனுமதி கிடைத்தது. குழந்தைக்குத் தோதுப்படாது என்று நாம் ஒதுக்கும் கருவி ஒரு குழந்தை கேட்டு வந்தது. புதுசு என்று நாம் அஞ்சுவதற்கும் காரணமில்லை, 1978-லிருந்து இந்தியாவிலேயே தயாராகிறது.

மூன்றாவதாக ஒரு கருவியும் இருக்கிறது. கேப்சூலைப் போட்டு, திருகி, பொடியை இழுக்கிற கருவி. இதன் ஆதரவாளர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கருவி மலிவு, பிறகு கேப்சூல் டப்பி மட்டும் வாங்கினால் போதும். பொடி காலியானதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 'எளிது' என்று அதை எல்லார் கையிலும் திணிப்பதை ஏற்க முடியாது. பம்பில் உந்துவாயு மருந்தைத் தள்ளும். பொடிக் கருவியில் இழுக்கிறவரின் மூச்சுதான் தள்ள வேண்டும். வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உடைந்து உள்ளே போகும். சின்னக் குழந்தைக்கு அந்த மூச்சு கிடையாது, தாக்குதலின் நடுவில் இருக்கிறவருக்கும் கிடையாது. அதாவது மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அது கைவிடக்கூடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடி சரியாக மூடாத டப்பியில் கேப்சூல் நமத்துப்போகும், பொடி கட்டிதட்டும். கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேப்சூல் என்றால் விழுங்குவதுதானே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு, ஒரே ஆளுக்கு இரண்டு வகையையும் எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டும் எதிரெதிர்ப் பழக்கம் என்று சொல்லாமல் விடுவது. பம்பை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பொடியைச் சட்டென்று பலமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் மூச்சைப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். பொடிக்குள் மூச்சை ஊதக் கூடாது. இவ்வளவுதான் வித்தை. எந்தக் கருவி உயர்ந்தது என்ற பட்டிமன்றத்தைவிட, இருக்கிற கருவியைச் சரியாகப் பிடிக்கிறாரா என்று பார்ப்பது பலன் தரும்.

"பழகிப்போயிடும்" என்ற குற்றச்சாட்டில் மட்டும் ஒரு துளி உண்மை ஒளிந்திருக்கிறது. அதைக் குறிபார்க்கத் தெரியாமல் தவறான இடத்தில் அடிக்கிறார்கள். 1960-களில் பிரிட்டனிலும் வேறு சில நாடுகளிலும் வீரியம் கூட்டிய ஐசோபிரனலின் பம்பு பரவியபோது ஆஸ்துமா சாவுகள் ஏறின. 1970-களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் பம்பு வந்தபோதும் அப்படித்தான். மூச்சுக்குழாயை விரித்துவிடுகிற மருந்து உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடுவதில்லை. நிவாரணம் கிடைத்துவிடுவதால் நோய் வளர்வது தெரியாது. 2019-ல் ஜீனா அதனால்தான் சால்பியூட்டமாலை மட்டும் தனியாக வைத்து ஆஸ்துமாவை நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. கூடவே உள்மூச்சு ஸ்டீராய்டு வேண்டும். புடசோனைடும் ஃபார்மெட்டராலும் சேர்ந்த ஒரே பம்பைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்வது இன்று அது முன்வைக்கும் வழி.

இப்போது மிஷினைத் திரும்பிப் பாருங்கள். மாதம் இரண்டுமுறை கிளினிக்குக்குப் போய்ச் சால்பியூட்டமால் மிஷின் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு மருந்தும் எடுக்காமல் இருக்கிறவர், எதைக் கண்டு ஜீனா பயந்ததோ அதையே 25 மடங்காகச் செய்துகொண்டிருக்கிறார். பழக்கம் என்று பெயர் வைக்க வேண்டுமென்றால் இதற்கு வையுங்கள். 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கில், உலகின் ஆஸ்துமாக்காரர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில், ஆஸ்துமாச் சாவுகளில் 42 சதவீதமும் இந்தியாவில். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயில் இப்படி நடந்தால் விதி என்று விடலாம்.

ஒரே வீச்சில் தீர்ந்துவிட வேண்டும் என்ற ஆசைதான் மிஷினுக்கு ஆள் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். மிருகசீரிஷக் கார்த்தியன்று ஹைதராபாத்தில் உயிர்மீனை மருந்தோடு விழுங்க ரயிலேறுகிறவர்களுக்கும் அதே ஆசை. தினமும் காலை இரண்டு, இரவு இரண்டு பஃப் என்பதில் வீரம் ஒன்றும் இல்லை. பிபி மாத்திரை மாதிரி சலிப்பான வேலை.

காசு? இது நியாயமான கேள்வி. கூலிக்காரர் மாதா மாதம் சில நூறு ரூபாய் பம்புக்கு எடுத்துவைப்பது லேசில்லை. ஆனால் ஒருமுறை மிஷினுக்குப் போய்வர ஆகும் பஸ் செலவு, கிளினிக் கட்டணம், போன கூலி இவற்றையும் அதே தாளில் எழுத வேண்டும். 200 பஃப் உள்ள சால்பியூட்டமால் பம்பு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்பேசர் வாங்க முடியாவிட்டால்? 1999-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸாரும் கூட்டாளிகளும் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்து, இளைப்பு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது, 'லான்செட்' இதழிலும் வெளிவந்தது. தெர்மகோல் கப்பைச் சோதித்தபோது அது தேறவில்லை. ஆகவே ஏதோ ஒன்றைச் சுருட்டி வைத்தால் போதும் என்று இல்லை, பாட்டிலாக இருக்க வேண்டும், துளையைச் சுற்றிய இடைவெளி அடைபட்டிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் முக்கித் துடைக்காமல் உலரவைத்தால் மருந்து சுவரில் ஒட்டுவது குறையும். டீக்கடை வாசலில் உருளும் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைச் சொல்கிறேன்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைப் பேசுவது வழக்கம். இந்த விஷயத்துக்குப் பொருத்தமான கல்வெட்டு, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வெட்டியது. அங்கே இருந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், பணிப்பெண்கள் என்று எண்ணிச் சொல்கிறது. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் பேர் பேராகச் சொல்கிறது. அதில் ஒன்று வாசா ஹரீதகி, ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. இருமலுக்கும் இளைப்புக்கும் நம் பாட்டிமார் பறிக்கப்போகும் அதே ஆடாதோடை. அதன் வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் இன்றைய இருமல் சிரப்புகளில் இருக்கும் ப்ரோம்ஹெக்சின் உருவானது. ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்த ஆற்றங்கரையில் மருந்து வருஷம் முழுக்க இருப்பில் இருக்க வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நல்ல திட்டம். தொடக்கப் பட்டியலில் ஆஸ்துமா இல்லை. மாதம் ஒரு தடுப்புப் பம்பும் ஆளுக்கொரு ஸ்பேசரும் அந்தப் பையில் இருந்தால் மிஷின் வாசலில் வரிசை குறையும்.

"மதூர்ப் பக்கம் குவாரித் தூசியை நிறுத்தாமல் பம்பு கொடுத்து என்ன பயன்" என்று கேட்கிற நண்பர்களுக்கு: தூசியை நிறுத்தத்தான் வேண்டும். கல் தூசியால் நுரையீரல் இறுகிப்போனவருக்குப் பம்பு பெரிதாக ஒன்றும் செய்யாது, எல்லா இளைப்பும் ஆஸ்துமாவும் அல்ல. அதை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் பிரித்தறிய வேண்டும். அதற்காக ஆஸ்துமாப் பிள்ளையைக் கிரஷர் மூடும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. பம்பின் உந்துவாயு பூமியைச் சூடாக்குகிறது என்று ஐரோப்பாவில் எழும் கவலையும் உண்மைதான். ஸ்வீடனில் பொடிக் கருவிக்குப் பெருமளவு மாறிவிட்டார்கள். வாகாக இழுக்க முடிகிற பெரியவர்கள் இங்கேயும் மாறட்டும். ஆனால் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலையோரத்தில் பூமியின் சூட்டுக்கு முதல் பொறுப்பாளி ஆறு வயதுப் பையனின் பம்பு இல்லை.

மிச்சமிருப்பது "கிராமத்து ஜனங்களுக்குத் தெரியாது". விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி மருந்தடிக்கிறவர்கள், இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிற ஆயாக்கள், இவர்களுக்கா ஒரு டப்பாவைக் குலுக்கி, அழுத்தி, இழுக்கத் தெரியாது? சொல்லிக்கொடுத்தால்தானே. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளில் மருத்துவர்களும் நர்ஸ்களுமே பலர் பம்பைத் தவறாகப் பிடிக்கிறார்கள் என்று தெரியவந்திருக்கிறது, ஜனங்களைச் சொல்வானேன். காலி பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது இன்னும் நடக்கிறது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு சீறும் என்பதால் சத்தத்தையும் நம்ப முடியாது, மிதப்பதையும் நம்ப முடியாது. எண் காட்டுகிற பம்பாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியின் மேல் தொடங்கிய தேதியை எழுதிவைக்க வேண்டும். அடுத்தமுறை மெடிக்கலில் பம்பு வாங்கும்போது பெட்டியைப் பிரித்து ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். கடைக்காரருக்குக் காட்டத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.